ஊழியர் விலை

மே 4

அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் ஒரு பக்கமாவது படித்துவிட்டுக் கிழி. பதினோரு மாதத்துக்கு முன்னால் "இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாது" என்று சொல்லி நீதான் போனை வைத்தாய். சரி, விழவில்லை. எழுத்துக்கு நீ தடை போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் எழுதி, இவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இவர் ஓட்டும் பஸ் தினமும் இரண்டு முறை உன் கடை வாசல் சிக்னலில் நிற்கிறதே, அப்போது இறங்கி வந்து நீட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் இருப்பவர்கள் கத்தினால் அந்தப் பழி உன்னோடு.

விஷயம் இதுதான். வாலு படிப்பை முடித்துவிட்டாள். ஜூன் பதினான்காம் தேதி பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு மேடையேறுவாளாம், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். பெற்றவள் போய்ப் பார்க்க வேண்டாமா? பிளேன் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஜூலை கடைசி வரை அவளோடு இருந்துவிட்டு வருவேன். இவர் வரவில்லை. "வேற ஒருத்தன் ஓட்டுற வண்டியில பதினாலு மணி நேரம் சும்மா உக்கார என்னால ஆகாது, இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சே கால் வீங்கிடும்" என்கிறார். இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவரிடம் என்ன பேசுவது?

கையில் கொண்டுபோக அந்த ஊர்ப் பணம் வேண்டும். அதை எங்கே மாற்றுவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஏர்போர்ட்டிலேயே மாற்றலாம் என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. என் தையல் கடைக்கு எதிரே சாவி போடுகிறவர், தனக்குத் தெரிந்த ஒரு ஆள் ரொம்ப மலிவாகத் தருவான் என்கிறார். நீயோ பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் பணம் மாற்றிக் கொடுக்கிறாய். கூடப் பிறந்தவளுக்கு ஒரு வழி சொல்ல மாட்டாயா? உங்கள் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு லாபம் வைக்காமல் ஊழியர் விலை என்று ஒன்று உண்டாமே. வாலு எப்போதோ சொன்னாள். உன்னைப் பற்றி அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்.

இது பள்ளிச் சீருடை சீசன். ஒரு நாளைக்கு முப்பது கால்சட்டை தைத்துச் சேர்த்த பணம், அக்கா. ஏமாந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
சின்னவள்


மே 7

சின்னவளுக்கு,

கிழிக்கவில்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்து எதைக் கிழித்தாலும் கேமராவில் விழும்.

உன் வீட்டுக்காரர் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்தபோது எனக்கு முன்னால் நான்கு பேர் வரிசையில் இருந்தார்கள். பின்னால் எட்டு வண்டி ஹாரன் அடித்தது. பாவம், அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். உனக்கு வாய்த்தது எல்லாமே நல்லதாகத்தான் வாய்த்திருக்கிறது.

கேட்டதற்குப் பதில். ஏர்போர்ட்டில் மாற்றாதே. அங்கே நிற்கிறவன் திரும்பிப் போக மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும், அதற்கேற்றபடி விலை வைப்பார்கள். ஊருக்குள் மூன்று கடை ஏறி இறங்கு. "கமிஷன் இல்லை" என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்திருப்பான். கமிஷனை விலைக்குள்ளேயே வைத்திருக்கிறான் என்று அர்த்தம். உன் பாஷையில் சொன்னால் உள்தையல், வெளியே தெரியாது. ரேட் என்ன என்று கேட்காதே. "என் கையில இவ்வளவு இருக்கு, எல்லாம் போக எத்தனை நோட்டு என் கைக்கு வரும்?" என்று கேள். மூன்று கடையிலும் இதே கேள்வி. அப்போது குட்டு வெளிப்பட்டுவிடும். கடைசி நாள் வரை காத்திருக்காதே, அவசரத்தில் வருகிறவனின் முகமே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். வங்கியில் ஒரு பயண அட்டை வாங்கி முக்கால் பங்கை அதில் போட்டுவிட்டு, கால் பங்கை மட்டும் நோட்டாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அந்தச் சாவிக்காரரின் ஆள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே. அந்த மாதிரி ஆட்கள் கொடுக்கும் கத்தையில் மேல் நோட்டு மட்டும்தான் ஒழுங்காக இருக்கும். நடுவில் என்ன இருக்கிறது என்று அங்கே போய் நின்ற பிறகுதான் தெரியும். அப்படி ஏமாந்து வந்து என் கண்ணாடி முன்னால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊழியர் விலை ஊழியர் பயணம் போனால் மட்டும். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் ஊழியர் பெயரில் இருக்க வேண்டும். என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. ஒரு முறை புதுப்பித்தும் ஆயிற்று. ஒரு முத்திரைகூட விழாமல் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் நோட்டு மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. நேற்று ஒரு பெரியவர் வந்தார். அவர் மகனுக்கும் அதே ஊரில், அதே நாளில் பட்டமளிப்பு. ஒரு பிள்ளைக்கு இரண்டு அழைப்புச் சீட்டு தருகிறார்களாம், அவரும் மனைவியும் போகிறார்களாம். உன் வீட்டுக்காரர் வரவில்லை என்கிறாய். அப்படியானால் இரண்டாவது சீட்டு யாருக்கு?

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அக்கா


மே 12

அக்காவுக்கு,

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாயாம்! உன்னை எனக்கு நாற்பத்து மூன்று வருஷமாகத் தெரியும். நீ எதையும் சும்மா கேட்டதில்லை.

இரண்டாவது சீட்டை வாலு தன் கூட்டாளி ஒருத்தியின் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாளாம். அந்தப் பெண் வீட்டிலிருந்து மூன்று பேர் வருகிறார்களாம், ஒரு சீட்டு குறைந்ததாம். அவள் குணம்தான் உனக்குத் தெரியுமே, கேட்டால் போட்டிருக்கிற செருப்பையும் கழற்றிக் கொடுப்பாள். நான் என்ன செய்ய?

நீ மனசில் வைத்துக்கொண்டு எழுதுகிறாய் என்று தெரிகிறது. "உனக்கு வாய்த்தது எல்லாமே நல்லதாகத்தான்" என்று ஒரு வரி. எனக்கு என்ன வாய்த்தது, சொல். அவளுக்குப் பதினொரு வயதாகும்போது நல்ல பள்ளிக்கூடம் உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு என்று உன்னிடம் விட்டேன். அத்தான் போய், நீயும் தனியாக இருந்த நேரம். உனக்கும் துணை, அவளுக்கும் படிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறு வருஷம். சனிக்கிழமை பஸ் ஏறி வருவாள், ஞாயிறு சாயங்காலம் "வீட்டுக்குப் போறேம்மா" என்பாள். எந்த வீட்டுக்கு? தையல் மெஷினில் தலையைக் குனிந்துகொள்வேன். உனக்கு அது தெரியாது.

போன வருஷம் படிக்கும்போதே வேலை கிடைத்த செய்தியை முதலில் யாருக்குச் சொன்னாள்? உனக்கு. உன் கடை நம்பருக்கு. நாற்பது நிமிஷம் கழித்துத்தான் எனக்கு. அதைக் கேட்டதற்குத்தான் நீ போனை வைத்தாய். சரி, அதை விடு, மறுபடி ஆரம்பிக்கவில்லை.

வங்கி அட்டை எல்லாம் எனக்கு வேண்டாம். அழுத்த வேண்டிய நம்பரை மறந்துவிட்டு அந்நிய ஊரில் திருதிருவென்று முழிக்கவா? எனக்கு நோட்டுதான் வேண்டும். கையில் தொட்டால்தான் பணம். நீ சொன்னபடி மூன்று கடை ஏறினேன், மூன்றிலும் ஒன்றுதான், வயிறு எரிகிறது. நீயே ஏதாவது வழி பார். அந்த ஊர்ப் பணம் எண்ணூறு இருந்தால் போதும். இவர் கையில் பணம் கொடுத்தனுப்புகிறேன்.

சின்னவள்

பி.கு: சாவிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதையும் உன் பேச்சைக் கேட்டுத்தான் செய்தேன், பார்த்துக்கொள்.


மே 27

சின்னவளுக்கு,

கவரில் எண்ணூறு இருக்கிறது. நீ அனுப்பிய பணத்தில் பாதிதான் ஆயிற்று. மீதியையும் அதே கவரில் வைத்திருக்கிறேன். எப்படி இவ்வளவு மலிவு என்று கேட்காதே. ஊழியர் விலை என்று வைத்துக்கொள். கடையில் யார் காதுக்கும் போக வேண்டாம், உன் பக்கத்து வீட்டுக்காரி காதுக்கும் போக வேண்டாம். ரப்பர் பேண்டைப் பிரிக்காமல் பெட்டியின் அடியில் வை. அங்கே போய் மேலிருந்து ஒவ்வொன்றாக எடு.

கூட்டாளியின் அம்மாவுக்குச் சீட்டு கொடுத்தது நல்ல காரியம். யாரோ ஒரு அம்மா, அவளும் பார்க்கட்டும்.

வாலு ஞாயிற்றுக்கிழமை பேசினாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. விழாவைப் பற்றி அவளாக ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன். வானிலை, வாடகை, முழங்கால் வலிக்கு நான் என்ன தேய்க்கிறேன், எல்லாம் பேசினாள். கடைசியில் போனை வைக்கும்போது "பரவாயில்ல பெரியம்மா, உங்க வேலை அப்படி" என்றாள். என்ன பரவாயில்லை என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. யாரோ ஒருத்தியின் அம்மாவுக்குக் கொடுத்த சீட்டை எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் நான் கேட்க முடியுமா? கேட்டு வாங்கி உட்கார்வது ஒரு நாற்காலியா?

அவளுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. அட்டையில் "பெரியம்மா, நான் பிளேன்ல உன்னைக் கூட்டிட்டுப் போவேன்" என்று எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வயதுப் பேச்சு. அதற்கு யாரும் பொறுப்பாக மாட்டார்கள்.

பத்திரமாகப் போய் வா.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

வாலு வேலைக்குப் போயிருக்கிறாள். அவளுடைய அறை நம் பழைய குளியலறை அளவுதான் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கால் இரண்டிலும் கொப்புளம். ஏன் என்று உனக்குத் தெரியும்.

வந்து இறங்கிய அன்று நீ கொடுத்த கத்தையிலிருந்து மேல் நோட்டை எடுத்து, கடையில் தண்ணீரும் அவளுக்குப் பிடித்த கொட்டை பிஸ்கட்டும் வாங்கினேன். மீதி சரியாகக் கொடுத்தார்கள். அந்தச் சில்லறையை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஒரே பெருமை. "பெரியம்மா எப்படி மாத்திக் குடுத்திருக்கா பாரு, ஊர்ல யாருக்கும் இந்த விலைக்குக் கிடைக்காது" என்று அவளிடம் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். நான்!

நேற்று விழா. அவள் அங்கி வாங்க வேண்டும் என்று ஏழு மணிக்கே கிளம்பினாள். விழா பத்து மணிக்கு. "ஒன்பது மணிக்கு டாக்ஸி பிடிச்சு வந்துடும்மா. காசு இருக்கா?" என்றாள். "கத்தையா இருக்கு, நீ போ" என்றேன். தலையைத் துவட்டி, நல்ல உடை உடுத்தி, நீ தீபாவளிப் பட்டாசு மாதிரி என்று கிண்டல் செய்வாயே, அந்த ஆரஞ்சு நிறம்தான், கீழே இறங்கி டாக்ஸி பிடித்தேன். காசை முதலிலேயே கொடுத்துவிடலாம் என்று நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று கொடு என்று சைகை செய்தார். கொடுத்தேன். மொத்தக் கத்தையையும் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, கதவைத் திறந்து என்னை இறங்கச் சொன்னார். திட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

முக்குக் கடைக்காரி நோட்டைப் பார்த்தாள், தன் கல்லாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நிறம் வேறு, படம் வேறு. பழசு, செல்லாது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள். பஸ் வந்தது. பஸ் டிரைவரிடம் கைகூப்பினேன், அக்கா. இவராக இருந்தால் ஏற்றியிருப்பார். அவர் கதவை மூடிவிட்டார். வாலுவின் போன் அணைந்து கிடந்தது, மண்டபத்துக்குள் அப்படித்தானாம்.

விலாசம் எழுதிய காகிதத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டி நீட்டி நடந்தேன். இரண்டு முறை வழி தப்பியது. புதுச் செருப்பு கடித்தது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். மண்டபத்தை அடைந்தபோது உள்ளே கைதட்டல் கேட்டது. வாசலில் நின்ற பெண் என் சீட்டைப் பார்த்து உள்ளே கூட்டிப்போனாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. முழு மண்டபத்திலும் அந்த இரண்டு நாற்காலிதான் காலி. நான் போய் உட்கார்ந்தபோது மேடையில் ஏதோ பையன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாலுவின் பெயரைச் சொல்லி முடித்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

வெளியே வந்ததும் என் காலைப் பார்த்தாள். "வழி தப்பிட்டேன்டா" என்றேன். நோட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. அவள் அங்கியின் அக்குள் தையல் பிரிந்து நூல் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நீ கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே நல்ல நோட்டு எது, கெட்ட நோட்டு எது என்று சொல்கிறவள். தெரியாமல் நடந்தது என்று என்னிடம் சொல்லாதே. "மேல் நோட்டு மட்டும்தான் ஒழுங்காக இருக்கும்" என்று எனக்கு எழுதியதே நீதான்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். நாலு பக்கம் திட்டி எழுதி, அதைக் கிழித்துவிட்டேன். ஏனென்றால் அந்த நாற்பத்திரண்டாம் நாற்காலி.

கூட்டாளி என்று யாரும் இல்லை. கூட்டாளியின் அம்மாவும் இல்லை. வாலு மார்ச் மாதமே இரண்டு சீட்டையும் தபாலில் அனுப்பிவிட்டாள். ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் உன் பெயர், அவள் கையெழுத்தில். "பெரியம்மா சீட்டை நீயே அவங்க கையில குடும்மா. நீ குடுத்தா ரெண்டு பேருக்கும் ராசி ஆயிடும்" என்றாள். நான் அதைத் தையல் மெஷின் இழுப்பறையில், நூல் சுற்றும் பாபின் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவளிடம் "பெரியம்மாவுக்கு லீவு கிடைக்கலையாம்" என்று சொன்னேன். இவரிடமும் அதையேதான் சொன்னேன். அந்தப் "பரவாயில்ல பெரியம்மா" அதற்குத்தான்.

நீ வந்தால், மேடையிலிருந்து அவள் முதலில் யாரைப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை மட்டும் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு காலி நாற்காலியைப் பார்த்திருக்கிறாள்.

சின்னவள்


ஜூன் 26

சின்னவளுக்கு,

உன் கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. கண்ணாடிக்கு முன்னால் ஆள் நிற்க, கீழே வைத்துப் படித்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக ஒரு வாடிக்கையாளருக்கு ஐந்து நோட்டு அதிகமாகக் கொடுத்துவிட்டேன். அவர் நல்ல மனுஷர், திருப்பிக் கொடுத்தார்.

தெரிந்துதான் செய்தேன்.

அந்த நோட்டு வந்த கதையையும் கேள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் பழைய நோட்டுகளை நிறுத்தினார்கள். விஷயம் தெரியாமல் ஊர் திரும்பியவர்கள் எடுத்துக்கொண்டு வருவார்கள், கடை வாங்காது, முகம் தொங்கப் போவார்கள். ஆனால் அங்கே இருக்கும் மத்திய வங்கியில் எத்தனை வருஷம் கழித்துக் கொண்டுபோனாலும் முழு மதிப்புக்கு மாற்றித் தருவார்கள். அது எனக்குத் தெரியும். அதனால் வேலை முடிந்து வெளியே வந்து, என் சொந்தக் காசில், பாதி விலைக்கு அவர்களிடம் வாங்குவேன். ஒன்று, இரண்டு என்று பிஸ்கட் டின்னில் சேர்த்தேன். எதற்கு? என்றைக்காவது வாலு கூப்பிடுவாள், போவேன், நானே அந்த வங்கிப் படியேறி மாற்றுவேன் என்று. என் பயணத்துக்கு என்று நான் சேர்த்தது மொத்தமும் அதுதான். அதைத்தான் உனக்குக் கொடுத்தேன்.

கூட்டாளியின் அம்மா என்று நீ எழுதியதைப் படித்த அன்று டின்னைத் திறந்தேன். எனக்கு இனி இது எதற்கு என்று தோன்றியது. முதலில் நல்ல மனசோடுதான் எடுத்தேன், இதை மட்டும் நம்பு. "இவை பழைய நோட்டு, கடையில் நீட்டாதே, மத்திய வங்கியில் மட்டும் மாற்று" என்று ஒரு துண்டுக் காகிதம் எழுதி, ரப்பர் பேண்டுக்குள் செருகினேன். ஒரு நல்ல நோட்டு மட்டும் என் பையில் இருந்தது, உன் முதல் நாள் செலவுக்கு என்று அதை மேலே வைத்தேன். கவரை ஒட்டப்போகும்போது, நீ முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவது கண் முன்னால் வந்தது. துண்டுக் காகிதத்தை உருவி எடுத்துவிட்டேன். ஏதாவது ஒரு கடையில் நாலு பேர் முன்னால் ஒரு தடவை அவள் முகம் சிவக்கட்டும், அப்புறம் வாலு வங்கிக்குக் கூட்டிப்போவாள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். விழா நாளில் நீ தனியாக டாக்ஸி பிடிப்பாய் என்று நினைக்கவில்லை. அந்தக் காகிதம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. நான்கு நாளாக அதை எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

நீ கொப்புளக் காலோடு நடந்தாய் என்று படித்தபோதுகூட எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. என் பெயர் எழுதிய சீட்டு பாபின் டப்பாவுக்கு அடியில் கிடந்தது என்ற ஆத்திரம். அதற்கும் பிறகுதான் அழுகை. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மார்ச்சிலேயே கூப்பிட்டிருக்கிறாள். "பரவாயில்ல பெரியம்மா" என்று என்னைத் தேற்றவும் செய்திருக்கிறாள். நானோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு முழங்கால் மருந்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

உனக்குப் போன் செய்யலாம்தான். நேற்று நம்பரை அழுத்தி, மணி அடிக்கும் முன்னால் வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் சண்டை போட்டுவிடுவேன், இல்லாவிட்டால் பேச்சே வராது. இரண்டும் வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். விசாவுக்குக் கொடுத்தாகிவிட்டது, அதற்குள் வந்துவிடும் என்கிறார்கள். நேற்று மதியம் என் கவுன்ட்டரைப் புதுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சுற்றி வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்றேன். அவள் விளையாட்டு என்று நினைத்தாள். "பாஸ்போர்ட், டிக்கெட்?" என்று நான் கற்றுக்கொடுத்த மாதிரியே கேட்டாள். கொடுத்தேன். ஊழியர் விலைப் படிவத்தில் பயணியின் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். எல்லாம் புது நோட்டு. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

உன் கையில் இருக்கும் பழசைத் தூக்கிப் போட்டுவிடாதே. உன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மத்திய வங்கிக்குப் போ. முழுதாகக் கிடைக்கும். அது உன் பணம்.

வாலுவிடம் நான் செய்ததைச் சொல்லிவிடு. நீ செய்ததை நீ சொல்வாயோ மாட்டாயோ, அது உன் பாடு. நான் சொல்ல மாட்டேன். அந்த அங்கி இன்னும் அவளிடம் இருந்தால் ஒரே ஒரு தடவை எனக்குப் போட்டுக் காட்டச் சொல்.

அக்கா


ஜூலை 11

அக்காவுக்கு,

இரண்டையும் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். உன்னுடையதை மட்டும் சொல்லி என்னுடையதை முழுங்கிவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு அது முடியவில்லை. கெட்டிக்காரி நீ.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரெண்டு பேரும் என்னைப் பங்கு போட்டுப் பங்கு போட்டு, எனக்குன்னு ஒண்ணுமே மிச்சம் வைக்கலைம்மா" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் பேச்சில்லை. அந்தச் சின்ன அறையில் பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே, "பெரியம்மா பிளேன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

அந்த வாரமே என்னை வங்கிக்குக் கூட்டிப்போனாள். பெரிய கல் கட்டடம். கண்ணாடிக்குப் பின்னால் உன் வயசில் ஒருத்தி. நோட்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, உன்னை மாதிரியே உதட்டைக் குவித்துக்கொண்டு, முழுத் தொகையையும் எடுத்து வைத்தாள். பாதி விலைக்கு வாங்கி முழு விலைக்கு மாற்றியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இவ்வளவு மலிவாகப் பணம் மாற்றிவிட்டு இவ்வளவு அழுதவளும் நான்தான்.

அங்கி இல்லை. வாடகை அங்கி, மறுநாளே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அது போனால் போகட்டும், என்ன தையல் அது! மாற்றிய பணத்தில் ஆறு மீட்டர் கறுப்புத் துணி வாங்கினேன். இங்கே மெஷின் இல்லை, கையாலேயே தைக்கிறேன். போட்டோவைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தும் கையும் சரியாக வந்துவிட்டது. அக்குளில் இரட்டைத் தையல், இந்த ஜென்மத்தில் பிரியாது. "எதுக்கும்மா இதெல்லாம், முடிஞ்சு போச்சு" என்றாள். அளவு எடுக்க மட்டும் ஒழுங்காக நின்றாள்.

நீ வந்து பெட்டியை வைத்ததும், சமையல் மேடைப் பக்கத்திலிருந்து கட்டில் வரைக்கும் நடப்பாளாம். ஏழு அடி. பெயரை நாம் இருவரும் சேர்ந்து கூப்பிட வேண்டுமாம், யார் முதலில் என்று அதற்கும் சண்டை வரக் கூடாதாம். இது அவள் போட்ட சட்டம்.

பத்திரமாக வா. பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வை. ஏர்போர்ட்டில் எதையும் மாற்றாதே.

கீழ்வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். உன் சீட்டை இவர் பாபின் டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கடை வாசலில் கொண்டுவந்து தருவார், எடுத்து வா. நாற்பத்தொன்று எனக்கு, அதை விட்டுத்தர மாட்டேன். இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போட்டுப் பார்த்தேன், தோள் இடிக்கும், பரவாயில்லை. அப்படிப் போட்டால், அவள் நிமிரும்போது முதலில் யாரைப் பார்க்கிறாள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சின்னவள்